அம்மாவின் கை எட்டும் உயரம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "உன் தொழிலைப் பத்தி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "சார், என் தொழில் சமையலறை அலமாரி செய்யறது" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பரவால்ல, பேசு" என்றார். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் காற்றாலையைப் பற்றிப் பேசினார். அடுத்துப் பேசப்போகிறவர் பாலம் கட்டுகிறவர். நடுவில் நான் கிச்சன் கப்போர்டோடு வந்து நிற்கிறேன். தாய்மார்களாவது தூங்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு எனக்குத் தகுதி உண்டா என்று ஒர்க்‌ஷாப் மாஸ்டரைக் கேட்டால் சிரிப்பார். முதலாண்டில் கார்பென்ட்ரி பிரிவில் டவ்டெயில் ஜாயிண்ட் செய்யச் சொன்னார்கள். நான் செய்ததில் இடைவெளி விரல் நுழையும் அளவு இருந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. மேசை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு துண்டாக வந்துவிட்டது. நான் இன்று சொல்லப்போகும் கதையும் ஏறக்குறைய அதேதான். என்ன, இரண்டாவது தடவை தட்டியது கடல்.

2011-ல் இங்கிருந்து வெளியே போன நான் இரண்டு மூன்று வேலைகள் மாறி, சென்னைக்கு வெளியே மாடுலர் கிச்சன் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் சேர்ந்தேன். அங்கே வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சமையலறை என்பது பெட்டிகளின் வரிசை. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பக்கப்பலகை, ஒரு அடிப்பலகை, மேலே இரண்டு குறுக்குப் பட்டி, பின்னால் 6 மில்லிமீட்டரில் ஒரு முதுகுப்பலகை. அவ்வளவுதான். கீழ்ப்பெட்டி 72 சென்டிமீட்டர் உயரம், 56 ஆழம். பக்கப்பலகையில் 5 மில்லிமீட்டர் துளைகள், ஒன்றுக்கொன்று 32 மில்லிமீட்டர் தள்ளி, முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் உள்ளே. கதவுக்கீல் உட்கார 35 மில்லிமீட்டர் குழி. ஐரோப்பாவிலிருந்து வந்த இந்த 32 கணக்கு இருப்பதால்தான் எந்தக் கம்பெனிக் கீலும், எந்தக் கம்பெனி டிராயரும் எந்தப் பெட்டியிலும் பொருந்துகிறது. எட்டுக்கு நாலு பலகை ஒன்றில் ஆறு பக்கப்பலகை அறுக்கலாம். மிச்சம் விழும் பத்து சென்டிமீட்டர் பட்டைதான் மேல் குறுக்குப் பட்டி. வீணாவது மிகக் குறைவு. ஒரு பெட்டியைப் பூட்டி முடித்ததும் எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளப்போம். இரண்டு மூலைவிட்டமும் சமமாக வந்தால் பெட்டி சதுரம். பிதாகரஸ் படிச்சதுக்குப் பலன் கிடைச்ச ஒரே இடம் எனக்கு அதுதான்.

இதையெல்லாம் கரைத்துக் குடித்த கர்வத்தில் இருந்தபோதுதான் தரங்கம்பாடியில் அம்மாவுக்கு ஒரு கிச்சன் செய்து கொடுக்க முடிவெடுத்தேன்.

எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு பர்லாங் தூரம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமித் தண்ணீர் எங்கள் அடுக்களையில் முழங்கால் உயரம் நின்றது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். அந்த அடுக்களையில் இருந்தது சுவரில் பதித்த நாலு கடப்பா கல் தட்டு, ஒரு தேக்கு அலமாரி, ஒரு உறி, மேலே பரண். தண்ணீர் வடிந்ததும் கல்லைக் கழுவினோம். தேக்கு அலமாரியை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தோம். கதவு கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தன. பதினைந்து வருடம் கழித்து இன்ஜினியர் மகன் வந்து அவற்றையெல்லாம் பெயர்த்துப் போட்டேன்.

அளவெடுக்க ஒருநாள் போனேன். சுவரை அளந்தேன். ஜன்னலை அளந்தேன். பிளக் பாயிண்ட் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று குறித்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டே பார்த்தார்கள். "காபி போடவாடா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த அறையில் நான் அளக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. வாசற்படியில் உட்கார்ந்திருந்தது அதுதான்.

பதினைந்து நாளில் லாரியில் பெட்டிகள் வந்து இறங்கின. இரண்டு நாளில் பூட்டி முடித்தோம். இளமஞ்சள் நிறம், கைப்பிடி வைக்காத கதவு, சத்தமில்லாமல் மூடும் கீல். தெருவே வந்து பார்த்தது. "உங்க மவன் டி.வி.யில காட்டற மாதிரி செஞ்சு குடுத்துட்டானே!" என்றார்கள். நான் சென்னைக்குத் திரும்பினேன்.

அடுத்த பொங்கலுக்கு, சொல்லாமல் ஒருநாள் முன்னதாகவே வந்தேன். காலை ஏழு மணி. கிச்சன் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தது. ஆனால் யாரும் இல்லை. கொல்லையில் புகை. போய்ப் பார்த்தால், கிணற்றடி ஓட்டுச்சாய்ப்பின் கீழே பழைய இரட்டை அடுப்பைத் தரையில் ஒரு செங்கல் மேல் வைத்து, பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து அம்மா சமைத்துக்கொண்டிருந்தார்கள். அருவாமனை, அஞ்சறைப் பெட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் சுற்றி இருந்தன.

"ஏம்மா இங்க?" என்று கேட்டேன்.

"அங்க அழுக்காயிடும்டா" என்றார்கள்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. புரிந்தது இரண்டு மாதம் கழித்து. மேல் பெட்டியிலிருந்து இடியாப்ப நாழியை எடுக்க ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது தவறி விழுந்து, அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் விடுப்பெடுத்து அந்தக் கிச்சனில் நான் சமைத்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வழி சொன்னார்கள். கல்லூரியில் நாலு வருடம் படித்ததைவிட அந்த ஆறு வாரத்தில் படித்தது அதிகம். பேராசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

கணக்கைக் கேளுங்கள். அம்மாவின் உயரம் நாலடி பத்து அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர். நான் வைத்த மேடை 88. அதன்மேல் அடுப்பு 13. ஆக பாத்திரத்தின் அடி 101. அஞ்சு லிட்டர் குக்கரை ஏற்றினால் அதன் வாய் ஏறக்குறைய 120. அது அம்மாவின் தோள் உயரம். தோளுக்கு நேரே கொதிக்கும் சாம்பாரைக் கையைத் தூக்கிக்கொண்டு கிளறவேண்டும். ஆவி நேராக முகத்தில் அடிக்கும். மேடைக்கு மேலே 60 சென்டிமீட்டர் விட்டு மேல் பெட்டிகள் தொடங்கின. 88-ம் 60-ம் 148. மேல் பெட்டியின் அடிப்பலகையே அம்மாவின் உச்சந்தலைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே! இரண்டாவது தட்டை நுனிவிரலால் தொடலாம், எதையும் பிடித்து எடுக்க முடியாது. மூன்றாவது தட்டு எனக்கே எட்டவில்லை. அது யாருக்காக வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. நேராக நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரமோ, அதிலிருந்து பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் குறைத்தால் காய் நறுக்கும் மேடை. அடுப்பு மேடை அதற்கும் கீழே. வெளிநாட்டில் அடுப்பு மேடையோடு மட்டமாகப் பதிந்திருக்கும். அதனால் அவர்களுக்கு ஒரே உயரம் போதும். நாம் அடுப்பைத் தூக்கி மேடைமேல் வைக்கிறோம். அப்படியானால் அந்த இடத்தில் மேடை இறங்கவேண்டும் இல்லையா? இதை எந்தக் கேட்டலாக்கிலும் யாரும் போடவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இந்த அடுக்குப்பெட்டிக் கிச்சனுக்கெல்லாம் பாட்டி போன்றது 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வரைந்த சமையலறை. வரைந்தவர் மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் குறுகிய சமையலறையைப் பார்த்து, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் எத்தனை அடி நடக்கவேண்டும் என்று எண்ணி வரைந்தார். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் பொருத்தினார்கள். அரிசி, மாவு, பருப்புக்கெல்லாம் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் வைத்தார். நம்ம அஞ்சறைப் பெட்டிதான், கொஞ்சம் பெரிசு. வரைந்த காலத்தில் தனக்குச் சமைத்தே பழக்கமில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் ஒன்றை மறக்கவில்லை. உட்கார்ந்து வேலை செய்ய, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சுழல் முக்காலி. பெட்டிகளையெல்லாம் காப்பியடித்த நாங்கள் அந்த முக்காலியை மட்டும் விட்டுவிட்டோம். மணையில் உட்கார்ந்தே அறுபது வயதுவரை காய் நறுக்கிய ஒருவரை நாள் முழுக்க நிற்கவைத்துவிட்டு, அதற்குப் பெயர் வசதி என்று சொன்னேன்.

உயரம் ஒரு பக்கம். உப்பு இன்னொரு பக்கம். தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் நிறைய என்று சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்வார்கள். எனக்குக் கண்ணில் பட்டது உப்புதான். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே எடுத்துக்கொண்ட கடல் அது. என் கீல் எம்மாத்திரம்? எட்டாவது மாதத்திலேயே நிக்கல் முலாம் கொப்பளித்தது. ஒன்றரை வருடத்தில் சத்தமில்லாமல் மூடவேண்டிய கதவு சத்தம் போட்டுக்கொண்டு, மூடாமலே நின்றது. டிராயர் தண்டவாளம் பழுப்பாகி இறுகிக்கொண்டது. சிங்க் அடியில் இருந்த பெட்டி துகள்பலகை. அம்மா தினமும் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். அறுத்த விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறி, பலகை ரஸ்க் மாதிரி ஊறி உப்பிவிட்டது. பார்க்கிற விளிம்புக்கெல்லாம் பட்டி ஒட்டியிருந்தோம். தரையைப் பார்த்த விளிம்புக்கு ஒட்டவில்லை. தண்ணீருக்கு அந்த விளிம்புதானே முதலில் தெரியும்?

சரிசெய்ய பொறையாறு பக்கத்திலிருந்து ஒரு ஆசாரி வந்தார். வயது எழுபது இருக்கும். கழன்ற கீலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இங்க இரும்பு நிக்காது. கட்டுமரத்துல ஆணி பாத்திருக்கீங்களா?" என்றார். இல்லை. கட்டுமரம் கயிற்றால் கட்டியதுதான், பெயரிலேயே இருக்கிறது. கடற்கரையில் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை.

"அப்ப எதாலண்ணே செய்யறது?"

"கல்லு, தேக்கு, பித்தளை. இல்லாட்டி நல்ல எவர்சில்வர். அதுலயும் ஏமாத்து இருக்கு."

ஏமாற்று உண்டுதான். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, அசல் எஸ்.எஸ்." என்பார்கள். நம்பாதீர்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். கடலோரத்தில் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு விழும். 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-ல் அதோடு இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேரும். உப்பிலுள்ள குளோரைடு எஃகின் மேலுள்ள மெல்லிய பாதுகாப்புப் படலத்தைத் துளைப்பதை அது தடுக்கிறது. கடல் சத்தம் காதில் விழும் வீடு என்றால் ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பலகைக்கும் அப்படியே. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மெரைன் பிளைவுட் என்றால், மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டும் அடுக்கு பிரியக்கூடாது என்று கணக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அம்மா வீட்டுக்கு மட்டும் தொழிற்சாலையில் ஸ்டாக் இருந்ததை அனுப்பினேன்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். இது அலங்கார விஷயமில்லை, உயிர் விஷயம். அழகு கெடுகிறதே என்று கேஸ் சிலிண்டரை அடுப்புக்குக் கீழே கதவு போட்ட பெட்டிக்குள் பூட்டினேன். முன்னால் இடைவெளியில்லாத ஸ்கர்ட்டிங் வேறு. சமையல் எரிவாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி நின்று, காலையில் கதவைத் திறந்து லைட்டர் அடித்தால் என்ன ஆகும் என்று இந்த அரங்கில் நான் விளக்கவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு நான் காரணமில்லை. அம்மா கொல்லையில் சமைத்ததுதான் காரணம். வீட்டுக்குப் போனதும் உங்கள் சிலிண்டர் பெட்டியைப் பாருங்கள். தரைமட்டத்தில் காற்று வெளியேறும் வழி இருக்கிறதா? ரப்பர் குழாயில் அச்சிட்ட வருடம் என்ன? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

இரண்டாவது கிச்சனை நானும் ஆசாரியும் அம்மாவும் சேர்ந்து செய்தோம். இந்த முறை சுவரை அளக்கும் முன் அம்மாவை நிற்கவைத்து அளந்தேன். "என்னடா, ஜாக்கெட் தைக்கவா?" என்று சிரித்தார்கள். முழங்கை உயரம் 92. காய் நறுக்கும் மேடை 80 என்று முடிவானது. அடுப்பு மேடையை 67-க்கு இறக்கினோம். சிலிண்டர் அதன் கீழ் நுழையவில்லை. நல்லதாயிற்று, பக்கத்து உயர மேடையின் கீழ், கதவே இல்லாமல் நிற்கிறது, அதற்குப் பின்னால் கொல்லைச் சுவரில் தரையோடு ஒரு ஜாலி.

பிறகு அம்மாவின் பாத்திரங்களையெல்லாம் கூடத்தில் பரப்பினோம். தினம் எடுப்பது ஒரு பாய், வாரம் எடுப்பது ஒரு பாய், தீபாவளிக்கு எடுப்பது ஒரு பாய். தினப் பாயில் மொத்தமே இருபத்தி மூன்று உருப்படிதான் இருந்தது! அந்த இருபத்தி மூன்றும் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கவேண்டும். மற்றது எங்கே போனாலும் சரி. கீழே உள்தட்டு வைக்கவில்லை. தட்டு வைத்தால் பின்வரிசைப் பாத்திரத்துக்கு மண்டியிடவேண்டும். இழுப்பறை என்றால் முழுசும் வெளியே வந்துவிடும். கிரைண்டர் பத்து கிலோவுக்கு மேல் கனம், அதைத் தூக்கி இறக்குவது யார்? அது மேடைமேலேயே ஒரு மூலையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. மேல் பெட்டிகள் ரத்து. கண்மட்டத்தில் கதவில்லாத ஒரே ஒரு தட்டு. பலகைப் பெட்டிகள் எல்லாம் பத்து சென்டிமீட்டர் காலில் நிற்கின்றன, கீழே மறைப்பு இல்லை. வாளித் தண்ணீர் போய்விட்டு வரலாம். சிங்க் அடியில் பெட்டியே கிடையாது. பெயர்த்துப் போட்ட கடப்பா கல் நாலில் மூன்று கொல்லையில் உடையாமல் கிடந்தன. அவை திரும்பச் சுவருக்குள் போயின.

அரிசிக்கு மட்டும் அம்மா ஒரு யோசனை சொன்னார்கள். செம்பனார்கோயில் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் உறை உறையாக அடுக்கிய மண்குதிர் இருந்தது. மேலே நெல்லைக் கொட்டுவார்கள், கீழே ஒரு சின்னத் துளை வழியாக எடுப்பார்கள். பழசு முதலில் தீரும், புதுசு மேலே காத்திருக்கும். "டப்பாவுல மேல கொட்டி மேலயே எடுத்தா அடி அரிசி வண்டு வெச்சுடுது. குதிர் மாதிரி ஒண்ணு செய்யேன்" என்றார்கள். எவர்சில்வர் தகட்டில், பதினைந்து கிலோ கொள்ளும்படி, கீழே ஒரு தள்ளுகதவு வைத்துச் செய்தோம். தொழிற்சாலையில் இதைக் காட்டினேன். அடுத்த கேட்டலாக்கில் வந்துவிட்டது. பாட்டியின் பெயர் மட்டும் வரவில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர் மீனவர்களுக்கு சிஃப்ஸ் என்ற மீனவர் சங்கக் கூட்டமைப்பு வீடு கட்டிக்கொடுத்தபோது, கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் குடும்பங்களோடு பேசிப் பேசித்தான் வரைபடம் போட்டார். நான் ஸ்கூல் போகும் வழியில் பார்த்த வேலை அது. சொந்த வீட்டில் அதைச் செய்ய எனக்கு ஒரு முறிந்த மணிக்கட்டு தேவைப்பட்டது.

வேலை முடிந்த அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "கை எட்டலைன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீ காசு போட்டு ஆசையா செஞ்சது. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. எட்டலைன்னு எப்படிடா சொல்றது?" என்றார்கள். கொஞ்சம் நிறுத்தி, "நீயும் கேக்கலையே" என்றார்கள்.

இன்றைக்கு எங்கள் தொழிற்சாலையின் அளவுப் படிவத்தில் முதல் வரியே சமைப்பவரின் முழங்கை உயரம்தான். சமைப்பவர் ஆணாக இருந்தாலும் அதே வரிதான். சென்னையில் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நான்தான். எழுதாமல் விட்டால் மேற்கொண்டு வரைய கம்ப்யூட்டர் விடாது. இதைக் கொண்டுவர மேலதிகாரிகளோடு எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உயரம் என்றால் செலவு கூடும் என்றார்கள். காலை மட்டும் குட்டையாக்கினால் போதும், பெட்டி அதேதான், ஸ்குரூவைத் திருகினால் உயரம் மாறும் என்று செய்து காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

மணியடிக்கச் செயலாளர் கையை நீட்டுகிறார். என் சட்டைப் பையில் டேப் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுப் பந்தலில் இரண்டாவது வரிசையில் இருப்பேன். வீட்டில் சமைப்பவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். முழங்கை உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதித் தருகிறேன். அம்மாவும் வந்திருக்கிறார்கள், மூன்றாவது வரிசையில், பச்சைப் புடவை. நான் சொன்னதில் ஏதாவது தப்பென்றால் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.